எத்தனை பேரில் எத்தனை பேர்? வெள்ளத்துக்குப் பின் வரும் மரணங்களும் எண்ணப்படாத மக்களும்

2024 நவம்பர் இறுதியில், பெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் வடக்கையும் கிழக்கையும் நீரில் மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்து மக்கள் வீடு திரும்பிய பின்னர்தான், டிசம்பர் முதல் இரு வாரங்களில், யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் மரணங்கள் தொடங்கின. பருத்தித்துறை, கரவெட்டிப் பகுதிகளிலிருந்து காய்ச்சலோடு வந்தவர்கள் சில நாட்களிலேயே இறந்தார்கள். 'மர்மக் காய்ச்சல்' என்ற பெயர் கைத்தொலைபேசிகளில் பரவியது. குறைந்தது ஏழு பேரின் உயிர் போன பிறகே அதன் உண்மையான பெயர் எல்லோர் வாயிலும் வந்தது: எலிக்காய்ச்சல்.

தென்னிலங்கையின் வயல் மாவட்டங்களுக்கு அது பழகிய நோய். வடக்கில் பலருக்கு அது புதிது. ஆனால் அதன் போக்கில் மர்மம் எதுவும் இல்லை. எலியின் சிறுநீர் கலந்த நீரில் கால் வைத்தவருக்கு, பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் காய்ச்சல் வரும். வெள்ளம் வந்த திகதியைக் கலண்டரில் குறித்துவிட்டு இரண்டு வாரம் எண்ணினால், ஆபத்தான வாரம் எது என்று முன்கூட்டியே சொல்லலாம். வயிற்றோட்டம் அதற்கும் முந்தி, முதல் சில நாட்களிலேயே வரக்கூடும். டெங்கு இன்னும் பிந்தும். தேங்கிய நீரில் நுளம்பு பெருக வேண்டும் அல்லவா.

தொற்றுநோயியல் என்ற துறையின் அடிப்படை வேலை இதுதான்: யாருக்கு, எங்கே, எப்போது, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று கேட்பது. பெயரில் தொற்று இருந்தாலும் அது தொற்றுநோய்களை மட்டும் பார்ப்பதில்லை. அனர்த்தத்தில் யார் இறந்தார்கள், ஏன் அவர்கள் என்பதையும் அதே முறையில் கேட்கிறது.

இலங்கையில் இதற்கான கட்டமைப்பு பழையது. 1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ், அறிவிக்க வேண்டிய நோய் என்று சந்தேகித்த உடனேயே வைத்தியர் அந்தப் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ஆய்வுகூட முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளியின் வீட்டுக்குப் போய் விசாரிப்பார். தகவல்கள் ஒவ்வொரு வாரமும் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவில் சேரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நோயாளி மருந்துக்கடையில் பனடோல் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே படுத்தால் இந்தச் சங்கிலி தொடங்காது. அவரைப் பார்த்த தனியார் வைத்தியர் படிவத்தை நிரப்பாவிட்டாலும் அதே கதைதான். வாராந்த அட்டவணையில் அந்த ஊருக்கு நேரே பூச்சியம் விழும். பூச்சியம் விழுந்த ஊருக்கு மருந்தும் பிந்தும். வயலுக்கும் களப்புக்கும் இறங்குவோருக்கு முற்காப்பாகக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின், வெள்ளம் வடியும் வாரத்திலேயே வீடு தேடிப் போயிருக்க வேண்டிய மருந்து.

இனி 'எத்தனை பேரில்' என்ற கேள்விக்கு வருவோம். ஒரு முகாமில் நாளுக்கு ஐந்து பேர் இறக்கிறார்கள் என்றால் அது அவசரநிலையா? ஒரு இலட்சம் பேர் இருக்கும் இடத்தில் இல்லை. பத்தாயிரம் பேர் இருக்கும் இடத்தில் அது பேரழிவு. பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு ஒரு மரணம் என்பதே அவசரநிலைக்கான சர்வதேச எல்லைக்கோடு. மொத்தத் தொகை பிழைத்தால் கணக்கு முழுவதும் பிழைக்கும்.

இதை எங்களுக்கு எந்தப் பாடநூலும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009 தொடக்கத்தில் வன்னிக்குள் இருப்போர் சுமார் 70 ஆயிரம் பேரே என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. போர் முடிந்தபோது முகாம்களில் அடைக்கப்பட்டோர் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகம். அந்தக் குறைத்த கணக்கு உணவையும் மருந்தையும் எப்படிக் குறைத்தது என்பதை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் எழுதி வைத்திருக்கிறது. பின்னர் மெனிக் பாமில் கூடாரங்கள் நெருக்கியடித்து நின்ற காலத்தில் செங்கண்மாரியும் அம்மை நோயும் பரவின.

சரியாக எண்ணினால் என்ன தெரியவரும் என்பதற்கும் எங்கள் கரையிலேயே சான்று உண்டு. சுனாமிக்குப் பின் அம்பாறை மாவட்டத்தின் 13 முகாம்களில் 859 குடும்பங்களிடம் ஆய்வாளர்கள் வீடு வீடாகக் கேட்பதுபோலக் கேட்டார்கள். 3,533 பேர் கொண்ட அந்தக் குடும்பங்களில் எட்டில் ஒருவர் இறந்தோ காணாமலோ போயிருந்தார். ஆண்களைவிடப் பெண்கள் இரு மடங்குக்கு மேல் இறந்திருந்தனர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இல்லை. ஒருவரும் தப்பாத குடும்பங்களைப் பற்றிச் சொல்ல முகாமில் யாரும் இருக்கவில்லை. ஆகவே உண்மை இதைவிடக் கொடியது. மரணங்கள் கிட்டத்தட்ட அனைத்தும் அன்றும் அடுத்த மூன்று நாட்களிலும் நிகழ்ந்தவை. அதாவது, பிறகு வந்து இறங்கிய வெளிநாட்டு மருத்துவக் குழுக்களால் அந்த உயிர்களைக் காத்திருக்க முடியாது. கரையோர வீட்டுக்குள் இருந்த தாய்க்கும் பிள்ளைக்கும் ஓடுவதற்கான நேரத்தைத் தரும் எச்சரிக்கைதான் தேவைப்பட்டது.

அந்த நாட்களில் இன்னொரு தவறும் நடந்தது. சடலங்களால் கொள்ளைநோய் பரவும் என்ற பயத்தில் பலரை அடையாளம் காணாமலே ஒன்றாகப் புதைத்தார்கள். இயற்கை அனர்த்தத்தில் இறந்த உடல்கள் கொள்ளைநோயைக் கிளப்புவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தொற்றைக் கொண்டுவருவது அழுக்கு நீரும் நெரிசலும்தான். ஒரு புகைப்படம், ஓர் இலக்கம், உடையின் ஒரு துண்டு என்று பதிந்து வைத்திருக்கலாம். உறவுகளைத் தேடி வீதியில் இருக்கும் தாய்மார் உள்ள மண்ணில், பெயரில்லாத புதைகுழி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

அடுத்த மாரிக்கு முன் செய்யக்கூடியது பெரிய செலவுள்ள வேலை அல்ல. ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவிலும் இப்போதே ஒரு பட்டியல் வேண்டும்: எத்தனை குடும்பம், எத்தனை கைக்குழந்தை, கர்ப்பிணிகள் யார், இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் இருமுறை ஆஸ்பத்திரி போகிறவர் யார், ஷெல் துண்டு உடலில் இருப்பதாலோ கால் இழந்ததாலோ தானாக ஓட முடியாதவர் யார், வயலில் இறங்குபவர் யார். எங்கள் ஊர்களில் பட்டியல் எடுப்பவரைக் கண்டால் சனம் பயப்படும். பட்டியல்கள் எதற்கெல்லாம் பயன்பட்டன என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே அதை எடுப்பவர் குடும்பநல மருத்துவமாதுவாக இருக்கட்டும். அவருக்குத்தான் எந்த வீட்டு வாசலும் திறக்கும். பிரதியொன்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருக்கட்டும், பாதுகாப்புத் தரப்பின் கைக்குப் போகாமல்.