சர்டிபிகேட் அவர்கள் அச்சடிப்பது. கடன் நாம் அடைப்பது!

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் செஞ்சிப் பஸ் நிலையத்தில் சுவர் தெரிவதில்லை. "ஆறே மாதத்தில் லேப் டெக்னீசியன்!", "ஓராண்டில் டயாலிசிஸ் டெக்னீசியன்!", "நூற்றுக்கு நூறு வேலை உத்தரவாதம்!", "பெயிலானவர்களும் சேரலாம்!" என்று நோட்டீசுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்படுகின்றன. மேல்மலையனூர், அவலூர்பேட்டை, வல்லம், அனந்தபுரம் பக்கத்துக் கூலி விவசாயிகளும் சிறு விவசாயிகளும் இந்த நோட்டீசைப் படித்துவிட்டு நேராகப் போவது அடகுக் கடைக்கு. வேர்க்கடலை போட்ட கையில் மிஞ்சிய காசும், பெண்ணின் காதுத் தோடும் கல்விக் கட்டணமாக மாறுகின்றன.

பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற ஆசை குற்றமா? இல்லவே இல்லை. அந்த ஆசையை மூலதனமாக்கி வியாபாரம் நடத்துகிறார்களே, அதுதான் குற்றம் என்று நாம் சொல்கிறோம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நாமும் ஒரு கணக்குப் போடுவோம். ஓராண்டுப் படிப்புக்குக் கட்டணம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விடுதி, சாப்பாடு, யூனிபார்ம், பரீட்சைக் கட்டணம் என்று மேலும் 40,000. ஆக மொத்தம் ஒரு லட்சம். இதை ஊர் லேவாதேவிக்காரரிடம் மூன்று வட்டிக்கு வாங்கினால் மாத வட்டி 3,000 ரூபாய்.

படித்து முடித்த பெண்ணுக்குப் புதுச்சேரியிலோ சென்னையிலோ ஒரு நர்சிங் ஹோமில் 9,000 ரூபாய்ச் சம்பளம் என்று வைப்போம். அறை வாடகையும் சாப்பாடும் 5,000. பஸ்ஸும் சில்லறைச் செலவும் 1,000. கையில் நிற்பது 3,000. அது அப்படியே வட்டிக்குப் போய்விடுகிறது! மூன்றாண்டு உழைத்து 1,08,000 ரூபாய் வட்டி கட்டிய பிறகும் வாங்கிய ஒரு லட்சம் ஒரு காசு குறையாமல் நிற்கிறது. இதைக் கடன் என்பதா, அடிமைச் சீட்டு என்பதா?

இதே ஒரு லட்சத்தை ஆண்டுக்கு 11 சத வட்டியில் பாங்கில் வாங்கி ஐந்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 2,175 ரூபாய். அதே 3,000-க்குள் கடன் தீர்ந்துவிடும். ஆகவே, எந்தப் படிப்பு என்று கேட்பதோடு, யாரிடம் கடன் என்றும் கேட்க வேண்டும். கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது பாங்குகள் ஒப்புக்கொண்ட திட்டம். "இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இல்லை, கடன் தர முடியாது" என்று பாங்கு சொன்னால், அதை எச்சரிக்கை மணியாகக் கொள்ளுங்கள். பாங்கு நம்பாத காகிதத்தை நம்பி லேவாதேவிக்காரரிடம் போகாதீர்கள்!

சட்டம் என்ன சொல்கிறது?

நோட்டீசில் அச்சடிக்காத விஷயம் ஒன்று உண்டு. 2021-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில் கமிஷன் சட்டம் என்று அதைச் சொல்லலாம். துணை மருத்துவத் தொழிலாளர் என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரம் படித்த டிப்ளமோவோ பட்டமோ வேண்டும். ஆறு மாத, ஓராண்டு சர்டிபிகேட்டுகள் இந்தக் கணக்கில் எங்கே வருகின்றன? வரவில்லை!

நர்ஸ் வேலைக்கு 1926-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் பதிவு வேண்டும். மருந்தாளர் வேலைக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். இவை இல்லாமல் "நர்சிங் டிப்ளமோ" என்று ஒருவர் அச்சடித்துக் கொடுத்தால் அது சுவரில் மாட்டத்தான் உதவும்.

2021 சட்டத்தையும் சர்க்கார்கள் உடனே அமல் நடத்தவில்லை. கவுன்சில்கள் அமைக்க ஆண்டுக்கணக்கில் தாமதம். 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டே தலையிட்டு இரண்டு மாதக் கெடு விதிக்க வேண்டி வந்தது. சட்டம் பீரோவில் தூங்கிய காலத்தில் சுவர் நோட்டீஸ்காரர்கள் தூங்கவில்லை.

"ஏதோ ஒரு வேலை" என்ற வாதம்

சிலர் நம்மிடம் கேட்கிறார்கள்: "களை எடுக்கப் போவதைவிட, வெள்ளைக் கோட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் நிற்பது மேல் அல்லவா? ஏழை வீட்டுப் பிள்ளை நான்காண்டு காத்திருக்க முடியுமா?"

நியாயமான கேள்வி. ஏழையால் காத்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் காத்திருக்க முடியாத அந்த அவசரத்திற்குத்தானே இவர்கள் விலை வைத்திருக்கிறார்கள்! களை எடுக்கிறவர் சாயந்திரம் கூலியோடு வீடு திரும்புகிறார். வேலைக்குப் போவதற்காக ஒரு லட்சம் கடன் படவில்லை. கடனைக் கழித்துப் பார்த்தால், வெள்ளைக் கோட்டுச் சம்பளம் சில இடங்களில் காட்டுக் கூலிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இந்தத் தொழிலை நாம் குறைத்துப் பேசவில்லை. ரத்தப் பரிசோதனை செய்கிறவர் இல்லாமல் டாக்டருக்குக் கண் தெரியாது. டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகே நிற்பவர் கை தவறினால் உயிர் போகும். இவ்வளவு அவசியமான தொழிலாளியைத் தயார் செய்யும் செலவை யார் ஏற்க வேண்டும் என்பதுதான் தகராறு. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி தொழிற்சாலையில் பயிற்சி பெறும் வாலிபருக்கு உதவித் தொகை கொடுக்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியிலோ பயிற்சி பெறும் பெண்ணே பணம் கட்டி, "பயிற்சி" என்ற பெயரில் இரவு டூட்டியும் பார்க்கிறாள். உழைப்பும் அவளுடையது, கட்டணமும் அவளுடையது, லாபம் மட்டும் முதலாளியுடையது!

சர்க்காரின் பங்கு என்ன?

நம் மாவட்டத்தில் முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இரண்டாண்டு லேப் டெக்னாலஜி டிப்ளமோ போன்ற படிப்புகள் சொற்பக் கட்டணத்தில் நடக்கின்றன. மார்க் அடிப்படையில் இடம். முதலில் விண்ணப்பிக்க வேண்டியது அங்கேதான். ஆனால் இடங்கள் எத்தனை, கேட்டு நிற்பவர்கள் எத்தனை? இந்த இடைவெளியில்தான் தனியார் கடை விரிக்கிறார்கள்.

படித்து வந்தவர்களுக்குச் சர்க்கார் கொடுக்கும் சம்பளமாவது கௌரவமானதா? மாவட்ட நலவாழ்வுச் சங்க அறிவிப்புகளில் ஒப்பந்த லேப் டெக்னீசியனுக்கு 13,000 ரூபாய், பல்நோக்கு ஊழியருக்கு 8,500 ரூபாய் என்று பார்த்திருக்கிறோம். 2015-இல் தேர்வு எழுதி வந்த நர்ஸுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் தொகை படிப்படியாக ஏறியது. சர்க்காரே இப்படிக் கொடுத்தால் தனியார் முதலாளி எதற்காகக் கூட்டிக் கொடுப்பார்?

கடன் வசூலிலும் இதே நீதி. ஸ்டேட் பாங்கு 847 கோடி ரூபாய் கல்விக் கடன் பாக்கியை ரிலையன்ஸ் சொத்துச் சீரமைப்புக் கம்பெனிக்கு 381 கோடிக்கு விற்றதாக 2016-இல் செய்தி வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கம்பெனிக்கு ரூபாய்க்கு 45 காசு விலை. அதே தள்ளுபடியைக் கடன்பட்ட மாணவனுக்குக் கொடுத்திருக்கக் கூடாதா?

அமெரிக்காவிலும் இதே கதை

இது செஞ்சியோடு நிற்கும் கதையல்ல. அமெரிக்காவில் கொரிந்தியன் கல்லூரிகள் என்ற கம்பெனி மருத்துவ உதவியாளர் படிப்பு முதலியவற்றை விற்று ஏழை மாணவர்களைக் கடனில் தள்ளியது. 2015-இல் அது திவாலானது. அதே ஆண்டு பிப்ரவரியில் 15 மாணவர்கள் "கட்ட மாட்டோம்" என்று அறிவித்தார்கள். போராட்டம் பரவியது. 2022 ஜூனில் அமெரிக்க சர்க்கார் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை ரத்து செய்ய நேர்ந்தது. தனியாக நின்றவனுக்கு வசூல் நோட்டீஸ் வந்தது. கூடி நின்றவர்களுக்கு ரத்து உத்தரவு வந்தது.

செய்ய வேண்டியது

பணம் கட்டுமுன் ஒவ்வொரு குடும்பமும் மூன்று கேள்வி கேட்கட்டும். இந்தப் படிப்பு 2021 சட்டத்தின் அளவுக்கு வருகிறதா, சர்டிபிகேட் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம், எந்த அரசுத் துறை? போன ஆண்டு படித்தவர்கள் இன்று எங்கே, என்ன சம்பளம்? (இதை ஆபீசில் கேட்காதீர்கள், படித்த பிள்ளைகளையே தேடிக் கேளுங்கள்.) சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சும் தொகை வட்டியைத் தாண்டி அசலையும் கழிக்குமா? மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் தோட்டைக் கழற்றாதீர்கள்.

சர்க்காரிடம் நாம் கோருவது இது: அரசு மருத்துவக் கல்லூரிகளில் டிப்ளமோ இடங்களைப் பெருக்கு! சர்க்கார் நடத்தி வந்த ஓராண்டுப் படிப்புகளையும் சட்ட அளவுக்கு உயர்த்தி, படிக்கும் காலத்தில் உதவித் தொகை கொடு! அங்கீகாரமில்லாத கடைகளை மூடி, கட்டிய பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடு! ஒப்பந்தத்தை ஒழித்து நிரந்தர வேலை கொடு! தனியார் ஆஸ்பத்திரிகளில் குறைந்தபட்ச ஊதியத்தை அமல் நடத்து!

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. மகிழ்ச்சிதான். கோட்டைக் கல்லுக்குக் கிடைத்த பாதுகாப்பு, அதன் அடிவாரத்தில் வாழும் பிள்ளைகளின் உழைப்புக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு மனு மட்டும் போதாது. கிராமந்தோறும் பெற்றோரும் வாலிபர்களும் ஆஸ்பத்திரி ஊழியர்களும் ஒன்று கூட வேண்டும். இந்த வேலையை இன்றே தொடங்குவோம்!