சைக்கிள் ஓடுங்கள், ஆனால் தனியாக ஓடாதீர்கள்

தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு இங்குள்ள வெள்ளையரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம் என்று பிரித்தானிய நீரிழிவு அமைப்புகள் பல வருடங்களாகச் சொல்லி வருகின்றன. வாரத்திற்கு 150 நிமிட உடற்பயிற்சி வேண்டும் என்பதும் நம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஜனவரியில் ஜிம்முக்குப் பணம் கட்டுகிறோம், மார்ச்சில் போவதை நிறுத்திவிடுகிறோம். சோம்பல் என்று நம்மை நாமே ஏசிக்கொள்கிறோம். என்னைக் கேட்டால், நாம் வரவில்லை என்பதை அங்கே ஒருவரும் கவனிப்பதில்லை என்பதுதான் காரணம்.

நான்கு வருடங்களுக்கு முன் எங்கள் பகுதிச் சைக்கிள் கழகத்தில் சேர்ந்தேன். ஞாயிறு காலை 9 மணிக்கு நூலக வாசலில் கூடுவார்கள். முதல் நாள் மகனின் பழைய சைக்கிளில், ஜீன்ஸ் அணிந்து போய் நின்றேன். முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது. ஆனால் எழுபது வயதை நெருங்கும் ஒருவர் எனக்குப் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தார். கடைசியில் வருபவரைத் தனியே விடாமல் கூட்டிவருவது அன்று அவருடைய பொறுப்பாம். மேட்டின் உச்சியில் மற்றவர்கள் எல்லோரும் காத்து நின்றார்கள். பாதி வழியில் ஒரு கடையில் தேநீரும் கேக்கும். ஓடிக் கரைத்ததில் பாதியைக் கேக் திருப்பித் தந்துவிடுகிறது என்று என் மனைவி சொல்வது உண்மைதான்.

பின்னர் ஒரு வருடம் எனக்கு வேலை போய்விட்டது. நம்மவர் எவரிடமும் அதைச் சொல்லவில்லை. கோவிலில் கண்டால் "வேலை எப்படிப் போகுது?" என்பார்கள், "பரவாயில்லை" என்பேன். கழகத்தில், பக்கத்தில் ஓடி வந்தவரிடம் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இருவரும் வீதியைப் பார்த்தபடி ஓடும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை, பேச்சு தானாக வருகிறது. அதன்பின் நான் இரண்டு ஞாயிறுகள் போகாதபோது அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். இருபது வருடங்களாக இந்தத் தெருவில் இருக்கிறேன், அதற்கு முன் அயலவர் எவரும் எங்கள் கதவைத் தட்டியதாக நினைவில்லை.

சைக்கிள் நமக்குப் புதிதல்ல. 1990களில் எரிபொருள் தடையிருந்த யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். இங்கு வந்தபின் அதை வசதியில்லாதவரின் வாகனமாக்கிவிட்டோம்.

"தமிழருக்கென்று ஒரு சைக்கிள் கழகம் தொடங்கலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். தொடங்கட்டும். ஆனால் கோவில், தமிழ்ப் பள்ளி, ஊர்ச் சங்கம், ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு பழைய மாணவர் சங்கம் (சிலவற்றுக்கு இரண்டு!) என்று நமக்கென ஏற்கனவே நிறைய இருக்கின்றன. இந்த ஒன்றையாவது அயலவரோடு சேர்ந்து செய்வோமே.

எல்லாக் கழகங்களும் ஒரேமாதிரி அல்ல. பந்தயக் கழகங்களில் பின்தங்குபவருக்காக நிற்கமாட்டார்கள். சேருமுன் வேகம் என்ன, காத்திருப்பார்களா என்று கேளுங்கள். 1878இல் தொடங்கி 2016 முதல் 'சைக்கிளிங் யூகே' என்ற பெயரில் இயங்கும் அமைப்பிற்கு நாடெங்கும் உள்ளூர்க் குழுக்கள் உண்டு. ஆண்களோடு ஓடக் கூச்சப்படும் பெண்களுக்கு, 'பிரிட்டிஷ் சைக்கிளிங்' 2011இல் தொடங்கிய 'பிரீஸ்' சவாரிகள் இருக்கின்றன. பெண்களே வழிநடத்துவார்கள், கட்டணமில்லை.

இன்சுலின் போடுபவர்களும் நீரிழிவுக் குளிசை எடுப்பவர்களும் முதலில் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். அது எந்தப் பையில் இருக்கிறது என்று பக்கத்தில் ஓடுபவரிடமும் சொல்லி வையுங்கள்.