கேட்டதும் பதிந்ததும்

சென்ற பொங்கல் விழாவன்று நமது சங்க மேடையில் நடைபெற்ற கச்சேரியின் ஒலிப்பதிவைக் கேட்டு அன்பர்கள் பலர் என்னிடம் வந்தவண்ணம் இருக்கிறார்கள். கார்டு பழுது, கம்ப்யூட்டரில் ஏற்ற நேரமில்லை என்றெல்லாம் இதுவரை சாக்குச் சொல்லி வந்தேன். இனியும் மறைப்பதில் பயனில்லை. பதிவு இருக்கிறது, கேட்கத் தகுந்ததாக இல்லை. குற்றம் முழுவதும் என்னுடையது.

நான் செய்தது இதுதான். பழைய தில்லி லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் ஒரு கேபிள் வாங்கி, மைக்செட்காரரின் மிக்ஸரில் பதிவுக்கென்று உள்ள வழியையும் என் கையடக்க ரிகார்டரையும் அதனால் இணைத்தேன். முதல் வர்ணத்தின் போது அளவைப் பார்த்துத் திருகி வைத்தேன். பிறகு, மேடையில் உள்ள ஒவ்வொரு மைக்கும் மிக்ஸரில் வந்து சேருகிறது, இதைவிடத் தெளிவாக எங்கே கிடைக்கும் என்ற நிம்மதியில் சர்க்கரைப் பொங்கல் வரிசையில் போய் நின்றுவிட்டேன்.

வீட்டில் கேட்டபோது பாடகரின் குரல் காதுக்குள் வாய் வைத்துப் பாடுவதுபோல் இருந்தது. வயலின் பரவாயில்லை. மிருதங்கமோ அடுத்த தெருவில் யாரோ வாசிப்பதுபோல் ஒலித்தது. தம்புராவைக் காணவே காணோம். ஒரு கைதட்டல் கூட இல்லை. இருநூறு பேர் அமர்ந்திருந்த மண்டபத்தில் வித்வான் தன்னந்தனியாகப் பாடியதாகத் தோன்றிற்று.

காரணம் பிறகுதான் விளங்கிற்று. சிறிய மண்டபத்தில் மிருதங்கம் ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். ஆகவே மைக்செட்காரர் அதன் குமிழைக் குறைத்தே வைத்திருப்பார். குரலுக்குத்தான் அதிகம் கொடுப்பார். மிக்ஸரிலிருந்து வருவது கச்சேரி அன்று. கச்சேரியில் குறைவதை நிரப்புவதற்காக ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பங்கு மட்டுமே. மண்டபத்தில் இருப்பவர் காதில் இரண்டும் கலக்கின்றன. என் பெட்டியில் ஒன்றுதான் விழுந்தது.

தனி ஆவர்த்தனத்தின் கதை இன்னும் மோசம். நமது மைக்செட்காரர் பஞ்சாபி அன்பர். மிருதங்கத்தை 'டோலக்' என்றே அழைப்பவர், ஆனால் காது கூர்மையானவர். தனி தொடங்கியதும் மிருதங்கத்தை ஏற்றிவிட்டார். அது அவர் கடமை. நான் அளவைக் குறைக்கப் பக்கத்தில் இல்லை. பழைய நாடா ரிகார்டரில் அளவு சற்று மீறினால் ஒலி தடித்துப்போகும், அவ்வளவுதான். டிஜிட்டல் கருவியில் உச்ச வரம்பைத் தொட்ட ஒலியின் தலை சீவப்பட்டுவிடும்; பின்னால் எந்தக் கம்ப்யூட்டராலும் அதை முழுமையாக மீட்க இயலாது. பதினைந்து நிமிஷமும் தகரக் கொட்டகையில் மழை பெய்த சப்தம்.

இவ்வளவு நஷ்டப்பட்டதனால்தான் பாட்டு மாமியின் கச்சேரியன்று எனக்கு அவ்வளவு கவலை. ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் முப்பது ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த அந்த அம்மையாரை நம்மில் அறியாதவர் இல்லை. கணவர் மறைவுக்குப் பின் தில்லி வாசத்தை முடித்துக்கொண்டு கும்பகோணத்திலுள்ள மகனிடம் போவதென்று முடிவாயிற்று. வானொலியிலோ ஸபாக்களிலோ பாடியவர் அல்லர். அவர் குரல் எந்த நாடாவிலும் இல்லை. சிஷ்யைகள் சேர்ந்து பிரிவுபசாரமாக ஒரு கச்சேரி ஏற்பாடு செய்தார்கள். டிக்கெட்டும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வாங்கியாகிவிட்டது. அதாவது, பதிவு தவறினால் மறுபடி ஒரு கச்சேரி கிடையாது.

இம்முறை நான்கு வழிகளில் பதிந்தேன். இரண்டு மிக்ஸரிலிருந்து, மற்ற இரண்டு ரிகார்டரின் சொந்த மைக்குகள். ரிகார்டரை ஐந்தாவது வரிசையில், ஆட்களின் தலைக்கு மேல் உயரும்படி ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஏர்கூலருக்கு எதிரே வைக்கலாகாது. வைத்தால் காற்றுதான் பாடும். மிக்ஸரின் ஒலியை வாங்கும் துளையில் 'லைன்' அளவையே தேர்ந்தெடுக்க வேண்டும்; அது மைக்கின் ஒலியைவிடப் பன்மடங்கு வலிது. மைக்குக்காகத் தரப்படும் 48 வோல்ட் மின்சாரத்தையும் அங்கே நிறுத்திவிட வேண்டும். உச்ச ஒலி வரம்புக்கு 12 டெசிபல் கீழே நிற்கும்படி வைத்தேன். 24 பிட்டில் பதிந்தால் சற்றுத் தணிவாக இருப்பது குறையாகாது. நான்கு வழிக்கும் சேர்த்து மணிக்கு ஏறக்குறைய 2 ஜி.பி. இடம் பிடிக்கும். சர்க்கரைப் பொங்கல் இல்லாத நாள் ஆகையால் ஹெட்போனும் காதுமாக அங்கேயே இருந்தேன்.

கச்சேரிக்கு முன் ஒரு பையனை மேடை மைக்குக்கு எதிரே நின்று ஒரு முறை கைதட்டச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்கிறது. மேடைக்கும் என் ரிகார்டருக்கும் பத்து மீட்டர் என்றால், நொடியில் நூறில் மூன்று பங்கு தாமதம். கேபிள் வழி வருவதற்குத் தாமதம் இல்லை. இரண்டையும் அப்படியே கலந்தால் மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் இரட்டித்து மங்கும். அந்தக் கைதட்டலை அடையாளமாகக் கொண்டு கம்ப்யூட்டரில் இரண்டையும் நேர்செய்தேன். மண்டபத்தின் ஒலியை முதலாக வைத்து, குரல் தெளிவுக்கு மட்டும் மிக்ஸர் ஒலியை அளவாகச் சேர்த்தேன்.

கல்கத்தாவில் 1902இல் கௌஹர் ஜான் கிராமபோனுக்குப் பாடிய நாளில் ஓர் இசைத்தட்டுக்கு மூன்று நிமிஷமே அளவு. ராகத்தை விரிக்க ஏது இடம்? ஜி.என்.பி. 1965இலும், அரியக்குடி 1967இலும், மதுரை மணி அய்யர் 1968இலும் மறைந்தார்கள். அவர்கள் முழுக் கச்சேரியாகப் பாடியதை இன்று நாம் கேட்க முடிவது வானொலியாலும், ஸ்பூல் டேப் ரிகார்டரைச் சுமந்து திரிந்த ரஸிகர்களாலும் அல்லவா?

ஆனால் பதிந்தவருக்கே பாட்டு சொந்தமாகிவிடுமா? ஆர்னால்ட் பாக்கே என்ற டச்சு அறிஞர் 1938இல் தென்னாட்டில் பல இடங்களில் பாட்டும் கூத்தும் பதிந்து சென்றார். நாஸிர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் 1984இல் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு அதே இடங்களைத் தேடிப் போனார்கள். நாற்பத்தாறு ஆண்டுகள்! ஜைராஸ்பாய் முன்னின்று 1982இல் தொடங்கிய இசை ஆவணக் காப்பகம் இப்போது நமக்குப் பக்கத்தில், குருகிராமில் இருக்கிறது. சட்டமும் 1994இல் திருத்தப்பட்டு, மேடையில் பாடியவருக்கு அந்தப் பாட்டின் பதிவின் மேல் உரிமை உண்டு என்று ஆயிற்று. சொந்த உபயோகத்துக்குப் பதியலாம். ஊருக்குக் கொடுப்பதானால் அனுமதி வேண்டும்.

ஆகவே ஊருக்குப் புறப்படுமுன் மாமியிடமும் பக்கவாத்தியக்காரர்களிடமும் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். மாமி கண்களை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். ஆறாவது உருப்படியில் அவர் குரல் கம்மி, ஒரு சங்கதி நின்று, சிஷ்யைகள் அதை எடுத்துப் பாடி முடித்த இடம் வந்தது. என் அபிப்பிராயத்தில் கச்சேரியின் உயிரே அந்த இடந்தான்.

"இதை மட்டும் எடுத்துவிடப்பா" என்றார்.

"மாமி, எல்லோரும் அதைத்தான் விரும்பிக் கேட்பார்கள்" என்றேன்.

"அவர்கள் அன்றைக்கே கேட்டாகிவிட்டது. நீ வேண்டுமானால் வைத்துக்கொள். நான் இருக்கும் வரை வெளியே விடாதே."

அப்படியே செய்திருக்கிறேன். மற்ற ஏழு உருப்படிகளுக்கும் மாமியும் பக்கவாத்தியக்காரர்களும் சம்மதம் தந்திருக்கிறார்கள். பிரதி வேண்டுவோர் ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் சங்க நூலகத்துக்குப் பென்டிரைவுடன் வரலாம். பொங்கல் கச்சேரியைத் தயவுசெய்து கேட்க வேண்டாம்.