நெட்டுருவுக்கு நேர்ந்துவிட்ட பாடம்

"பிசிக்ஸ் புரியணும், மேத்ஸ் போட்டுப் பார்க்கணும், கெமிஸ்ட்ரிய மட்டும் மனப்பாடம் பண்ணினாப் போதும்." பிளஸ் 2 படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் இது வேதவாக்கு. அப்பா சொல்கிறார், டியூஷன் சென்டர் சொல்கிறது, போன வருஷம் எழுதிய பக்கத்து வீட்டு அக்கா தன் மார்க்கைக் காட்டிச் சொல்கிறாள். வேதியியல் ஆசிரியர்களில் பலரே முதல் நாள் வகுப்பை இந்த வாக்கியத்தோடு தொடங்குவதுதான் கொடுமை. பயந்து கிடக்கும் பிள்ளைக்குத் தைரியம் சொல்வதாக அவர்கள் நினைப்பு. சொன்ன மாத்திரத்தில் பாடத்தின் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

பள்ளிப் பாடங்களிலேயே மனப்பாடச் சுமையைக் குறைக்கவென்று ஒருவர் உட்கார்ந்து வழி தேடிய பாடம் உண்டென்றால் அது வேதியியல்தான். 1860களின் கடைசியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த மெண்டலீவுக்கு, மாணவர் கையில் கொடுக்க உருப்படியான ரஷ்யப் பாடநூல் கிடைக்கவில்லை. தானே எழுதத் தொடங்கினார். முதல் தொகுதியில் ஒரு சில தனிமங்களை விரிவாக எழுதி முடித்துப் பார்த்தால், அன்று தெரிந்திருந்த 63 தனிமங்களில் பெரும்பாலானவை மிச்சம் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நிறம், எடை, சேர்மங்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டே போனால் நூலும் முடியாது, படிக்கிறவனும் தாங்கமாட்டான். அந்த நெருக்கடியில் 1869இல் வந்ததுதான் தனிம வரிசை அட்டவணை. அதில் அவர் சில கட்டங்களைக் காலியாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே ஒரு தனிமம் இருந்தாக வேண்டும், அது இப்படி இப்படி இருக்கும் என்று எழுதியும் வைத்தார். 1875இல் பிரெஞ்சு வேதியியலாளர் லெக்காக் த புவாபோத்ரான் அந்தத் தனிமத்தை, அதாவது காலியத்தைக் கண்டுபிடித்து, அடர்த்தி 4.7 என்று அளந்தார். அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத மெண்டலீவ், அது 5.9 பக்கம் வர வேண்டும், மறுபடி அளந்து பாருங்கள் என்றார். மாதிரியைச் சுத்தம் செய்து அளந்தார்கள். 5.9 வந்தது.

கையில் உலோகத்தை வைத்திருந்தவரைவிடத் தாளில் கட்டத்தை வைத்திருந்தவருக்கு அதைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்திருந்தது. அந்த அட்டவணையை நாம் என்ன செய்கிறோம்? வரிசை மறக்காமல் இருக்கச் சுருக்கப் பாட்டு கட்டிக் கொடுக்கிறோம்.

ஆய்வகத்துக்குள் போய்ப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகத் தெரியும். பருமனறி பகுப்பாய்வு. கூம்புக் குடுவையில் 20 மி.லி. ஆக்சாலிக் அமிலம், அதோடு நீர்த்த கந்தக அமிலம். 60, 70 டிகிரிக்குச் சூடாக்கி, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சொட்டு விழுந்ததும் குடுவை இளஞ்சிவப்பாகி அப்படியே நிற்கும். பையன் பதறுவான், முதல் சொட்டிலேயே முடிவுநிலை வந்துவிட்டதோ என்று. விடாமல் குலுக்கினால் நிறம் மெல்ல மறையும். அடுத்தடுத்து விழும் சொட்டுகளோ விழுந்த வேகத்தில் மறையும். குடுவை சூடாகவில்லை, ஆறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆக்சாலிக் அமிலமும் கூடவில்லை, குறைந்துகொண்டுதான் வருகிறது. வேகம் குறைய வேண்டிய வினை எப்படி வேகமெடுத்தது? அந்த வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே அந்த வினைக்கு வினையூக்கியாகிவிடுகிறது. தன்வினையூக்கத்துக்குப் பாடநூலில் வரையறை உண்டு. பிள்ளைகள் அதை அட்சரம் பிசகாமல் எழுதுவார்கள். கண்ணெதிரே குடுவைக்குள் அது நடக்கும்போது ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த நேரத்தில் அவர்களுடைய கவலை வேறு. பக்கத்து மேசையில் எத்தனை வந்தது? லேப் அசிஸ்டென்ட் அண்ணன் எத்தனை என்று ஜாடை காட்டினார்? தொடர்ந்து இரண்டு தடவை ஒரே அளவு வந்தால்தான் ஏற்கலாம் என்ற கன்கார்டன்ட் வேல்யூ விதி, கை பிசகினால் காட்டிக்கொடுப்பதற்காக வைத்த விதி. நம் ரெக்கார்டு நோட்டுகள் பலவற்றில் அந்த இரண்டு எண்களும் பியூரெட்டைத் திறப்பதற்கு முன்பே அருகருகே உட்கார்ந்திருக்கும்.

செய்முறைத் தேர்வுக்கு வரும் எக்ஸ்டெர்னல் தேர்வாளர் வாய்மொழியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கந்தக அமிலம் ஏன், ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் என்ன? "ஹைட்ரோகுளோரிக் அமிலம் குளோரினாக ஆக்சிஜனேற்றம் அடையும் சார்" என்று ஒரே மூச்சில் பதில் வரும். அதே பையன் ஹாலஜன் பாடத்தில் குளோரின் தயாரிப்புக்கு ஒரு சமன்பாட்டை உருப்போட்டிருக்கிறான்: பெர்மாங்கனேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், 2, 16, 2, 2, 5, 8. போன் நம்பர் மாதிரி ஒப்பிப்பான். ஆய்வகத்தில் கூடாது என்று சொன்ன வினையும் ஹாலஜன் பாடத்தில் தயாரிப்பு முறை என்று படித்த வினையும் ஒன்றுதான் என்பது அவனுக்குத் தெரியாது. இரண்டும் வெவ்வேறு பக்கத்தில் இருக்கின்றன, வெவ்வேறு மார்க்குக்கு வருகின்றன.

அந்த ஆறு எண்களை நெட்டுருப் போடவே வேண்டியதில்லை. பெர்மாங்கனேட்டில் மாங்கனீஸ் +7இல் இருக்கிறது, வினைக்குப் பிறகு +2. ஆக, ஐந்து எலக்ட்ரான் வேண்டும். ஒரு குளோரைடு கொடுப்பது ஒன்று. குளோரின் இரட்டை அணுவாகத்தான் வெளியேறும் என்பதால் பெர்மாங்கனேட்டை இரண்டாக வைத்துக்கொள்வோம். பத்து எலக்ட்ரான், பத்து குளோரைடு, ஐந்து குளோரின் மூலக்கூறு. பொட்டாசியம் இரண்டும் மாங்கனீஸ் இரண்டும் குளோரைடு உப்பாக வேண்டும். அதற்கு இரண்டும் நான்குமாக இன்னும் ஆறு. பத்தும் ஆறும் பதினாறு. பெர்மாங்கனேட் இரண்டிலும் சேர்த்து எட்டு ஆக்சிஜன், பதினாறு ஹைட்ரஜனோடு சேர்ந்தால் எட்டுத் தண்ணீர். முடிந்தது. இதை ஒரு தடவை கரும்பலகையில் செய்து காட்டினால், டைகுரோமேட் வந்தாலும் இரும்பு வந்தாலும் பிள்ளை தானே போட்டுக்கொள்ளும். எண்களை மட்டும் கொடுத்தால் ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் புதிதாக ஒரு வரிசை. ஆண்டு முடிவதற்குள் எத்தனை வரிசை சேரும் என்று ஒரு கைடைப் புரட்டிப் பார்த்தால் தெரியும்.

கரிம வேதியியல்தான் மனப்பாடக் கட்சியின் கோட்டை. "அத்தனை நேம் ரியாக்ஷனையும் எப்படிப் புரிஞ்சு படிக்கிறது?" என்று கேட்பார்கள். ஆல்டால் குறுக்கம், கன்னிசாரோ வினை என்று இரண்டைப் பிள்ளைகள் தனித்தனி அட்டையில் எழுதி ஒப்பிக்கிறார்கள். அசிட்டால்டிஹைடும் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடும் என்றால் ஆல்டால். பென்சால்டிஹைடும் அடர் சோடியம் ஹைட்ராக்சைடும் என்றால் கன்னிசாரோ. தேர்வறையில் எது எதற்கு என்று மாறிப்போகும். உண்மையில் இங்கே இருப்பது ஒரே கேள்வி: ஆல்டிஹைடுக்குப் பக்கத்தில் வந்த காரம் என்ன செய்ய முடியும்? கார்பனைல் கார்பனுக்கு அடுத்த கார்பனில் ஹைட்ரஜன் இருந்தால், அதாவது ஆல்ஃபா ஹைட்ரஜன் இருந்தால், காரம் அதைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சிய துண்டு இன்னொரு ஆல்டிஹைடைத் தாக்கும், ஆல்டால் கிடைக்கும். பிடுங்க ஹைட்ரஜனே இல்லையென்றால் காரம் நேராகக் கார்பனைல் கார்பன் மேலேயே ஏறும். அங்கிருந்த ஹைட்ரஜன் தன் எலக்ட்ரான் இரட்டையோடு அடுத்த மூலக்கூறுக்குத் தாவும். ஒன்று அமில உப்பாகும், மற்றது ஆல்கஹாலாகும். ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பதால் கார்பனைல் கார்பன் சற்றே நேர்மின் தன்மையோடு இருக்கிறது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஹைட்ரஜன் சயனைடு, சோடியம் பைசல்பைட், ஹைட்ராக்சிலமீன், பீனைல் ஹைட்ரசீன் எல்லாம் ஏன் அங்கேயே வந்து ஒட்டுகின்றன என்பதும் விளங்கிவிடும்.

கன்னிசாரோ என்ற பெயரைத் தேர்வில் எழுதும் பிள்ளைகளுக்கு அவர் தன் மாணவர்களுக்கு எப்படிப் பாடம் நடத்தினேன் என்று எழுதிய ஆசிரியர் என்பது தெரியாது. ஜெனோவாவில் தான் நடத்திய பாடத்தின் ஒழுங்கை 1858இல் வெளியிட்டார். அணு எடையா மூலக்கூறு எடையா என்று அன்றைய ஐரோப்பாவே குழம்பிக் கிடந்தது. 1860இல் கார்ல்ஸ்ரூவே மாநாட்டில் அந்தப் பிரசுரம் கைக்குக் கை போனது. மாநாட்டில் இருந்தவர்களில் இளைஞர் மெண்டலீவும் ஒருவர். ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இரண்டு வாத்தியார்கள் மெனக்கெட்டதில்தான் இந்தத் துறைக்கே முதுகெலும்பு கிடைத்தது.

எதையுமே மனப்பாடம் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தனிமங்களின் குறியீடு, வழக்கமான அயனிகளின் மின்சுமை, வினைச்செயல் தொகுதிகளின் பெயர், சில வீழ்படிவுகளின் நிறம் ஆகியவற்றை நெஞ்சில் ஏற்றித்தான் ஆக வேண்டும். அது பத்தாம் வகுப்புக்குள் முடிகிற வேலை. அதற்கு மேல் ஏற்றுவதெல்லாம் வீண் பாரம்.

மனப்பாடப் பாடம் என்று ஒருமுறை முத்திரை விழுந்துவிட்டால் அடுத்த அக்கிரமம் தானாக நடக்கும். ஒப்பிப்பதுதான் வேலை என்றால் எதை முதலில் ஒப்பித்தால் என்ன? தனியார் பள்ளிகள் பல பிளஸ் 1 பாடத்தை ஓரம் கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் 2 பாடத்தையே நடத்தியது ஊரறிந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் 1க்கும் பொதுத்தேர்வு வந்தது. மோல், அணு அமைப்பு, வேதிச் சமநிலை, கரிம வேதியியலின் அடிப்படை எல்லாம் பிளஸ் 1இல்தான் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்து வந்த பிள்ளைக்குப் பிளஸ் 2 வேதியியல் மந்திர உச்சாடனமாகத்தான் இருக்க முடியும். பிறகு அந்தப் பிள்ளையைக் காட்டியே "பாத்தீங்களா, கெமிஸ்ட்ரி மனப்பாடம்தான்" என்கிறோம். 2025இல் அந்தப் பொதுத்தேர்வையும் எடுக்க முடிவாகிவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறையட்டும், நல்லதுதான். பழைய குறுக்கு வழி மறுபடி திறந்துகொள்ளாமல் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்?

நீட் வந்ததால் இந்த மனப்பாட வழக்கம் மாறிவிட்டது என்பவர்கள், என்.சி.இ.ஆர்.டி. நூலை வரிக்கு வரி நெட்டுருப் போடச் சொல்லும் பயிற்சி மையங்களுக்கு ஒரு நடை போய்வரலாம்.

மனப்பாடத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் நான் மதிக்கிற வாதம் ஒன்றே ஒன்று. "வீட்டில் படித்தவர் யாருமில்லை, மாலையில் வேலைக்குப் போகிற பிள்ளை. அவனுக்குப் போய் எலக்ட்ரான் இடப்பெயர்ச்சி சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? பாஸ் பண்ணினால் போதும்" என்கிறார்கள் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். தேர்ச்சி விகிதம் குறைந்தால் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அதனால் மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று மினிமம் மெட்டீரியல் தயாராகிறது. சில பக்கங்கள்; இதை எழுதினால் பாஸ். பாஸும் ஆகிறார்கள். அடுத்த ஜூலையில் பி.எஸ்சி. முதலாண்டிலோ பாலிடெக்னிக்கிலோ உட்காரும்போது அந்தப் பக்கங்களில் ஒரு வரியும் தலையில் இல்லை. மனப்பாடத்துக்கு நேரமும் அமைதியும் டியூஷனும் வேண்டும். அவை இருக்கிற வீட்டுப் பிள்ளை அந்தப் பந்தயத்தில் எப்போதும் முந்தும். மாலையில் வேலைக்குப் போகிற பிள்ளைக்குத்தான் நாற்பது வினைகளுக்குப் பதில் நான்கு காரணங்கள் தேவை. அவனுக்கு உதவுவதாகச் சொல்லி அவனால் தூக்க முடியாத மூட்டையையே அவன் தலையில் வைக்கிறோம்.

கேள்வித்தாள் அப்படித்தானே கேட்கிறது, நாங்கள் என்ன செய்ய என்று ஆசிரியர் கை விரிப்பது நியாயம்தான். கேள்வித்தாள் எடுப்பவர்களும் வேதியியல் ஆசிரியர்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த இருபதில் ஐந்தை எடுத்து, முதல் சொட்டு ஏன் மெதுவாக மறைந்தது, பிறகு ஏன் வேகமாக மறைந்தது, பார்த்ததை எழுது என்று கேட்டால் பியூரெட்டைத் திறக்காமல் யாரும் விடை எழுத முடியாது. எழுத்துத் தேர்வில் "கன்னிசாரோ வினை, குறிப்பு வரைக" என்பதை விட்டுவிட்டு, ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, டிரைமெத்தில் அசிட்டால்டிஹைடு மூன்றையும் கொடுத்து, அடர் காரத்தோடு எவை கன்னிசாரோ வழியில் போகும், ஏன் என்று கேட்கட்டும். தேர்ச்சி விகிதம் சரிந்துவிடும் என்று கல்வித்துறைக்குப் பயமாக இருந்தால், முதல் வருஷம் அதற்கு இரண்டு மார்க் மட்டும் வைக்கட்டும்.