தட்டிக்குப் பின்னால் உருளும் பகடை

அடையாற்றில் என் அண்ணன் மகன் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் ஐந்தாறு இளைஞர்கள் கூடி 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறார்கள். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் வெளியிட்ட, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதை சொல்லியே ஆடும் விளையாட்டு. கதையை நடத்துபவன் அண்ணன் மகன். முன்னால் அட்டைத் தட்டியை நிறுத்திக்கொண்டு எதிரிகளுக்கான பகடையை அதன் மறைவில் உருட்டுவான். சென்ற மாதம் அவனருகே உட்கார நேர்ந்தது. பகடையில் 19 விழுந்ததையும், அவன் வாய் "ஏழுதான், தப்பிச்சுட்டே" என்றதையும் ஒருசேரக் கண்டேன்.

பிறகு தனியே கேட்டேன். "அந்த அடி விழுந்திருந்தா அவ செத்திருப்பா சித்தப்பா. மூணு மாசக் கதை வீணாப் போயிடும்" என்றான்.

இந்தக் கருணையைத்தான் எதிர்க்கிறேன்.

இருபது முகப் பகடையை உருட்டி, தாக்குபவரின் திறனெண்ணைக் கூட்டி, எதிரியின் கவச எண்ணை எட்டினால் அடி விழும். திறன் 5, கவசம் 15 என்றால் பகடையில் 10 முதல் எது விழுந்தாலும் போதும்; நூற்றுக்கு 55. அடுத்தடுத்து மூன்று வீச்சு தவறுவதற்கு நூற்றுக்கு ஒன்பது. தவறினால் சலிப்பு வரும், மறுக்கவில்லை. கவசத்தை 13 ஆக்கு, 65 ஆகிவிடும். எதிரிகளில் இருவரைக் குறை. ஓடித் தப்ப ஒரு வாசல் வை. எல்லாம் உருட்டுவதற்கு முன்பு. உருட்டிய பின் எண்ணை மாற்றுவது சமன்செய்வதன்று, பொய்க்கணக்கு. நடத்துபவருக்குப் பகடையை மீறும் உரிமை உண்டென்று கைகாக்ஸே 1979இல் எழுதிவைத்தார் என்பார்கள். எழுதினார்தான். அதனால் என்ன? விளையாட்டைப் படைத்தவர் சொன்னாலும் பொய் பொய்தானே.

மயிலாப்பூரில் பாட்டி வீட்டில் வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதமும் தாயமும் மாறி மாறி நடக்கும். தாயத்தில் இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். ஒன்று, அதாவது தாயம், விழாமல் காய் இறங்காது. பதினாறு சேர்க்கைகளில் தாயத்துக்கு இரண்டே வழி. எட்டில் ஒரு பங்கு. கொடுமையான விதி. ஆனால் அதற்கு மாற்றும் விதியிலேயே இருந்தது: எங்கள் வீட்டு வழக்கில் ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தாலும் மறுபடி உருட்டலாம். கணக்கிட்டால், ஒரு சுற்றில் காய் இறங்கும் வாய்ப்பு எட்டில் ஒன்றிலிருந்து ஆறில் ஒன்றாகிறது. யாரோ யோசித்துச் செய்த சமன்பாடு. எல்லார் கண்ணெதிரிலும் தரையில் உருள்கிறது.

வெட்டுக்கும் அப்படித்தான். இரண்டு கட்டைகளில் மூன்று விழ நான்கு வழிகள், ஆறு விழ ஒன்றே ஒன்று. எதிரிக் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் நிற்பது முட்டாள்தனம் என்பது பின்னம் படிக்காத பாட்டிக்குத் தெரியும். பேரன் அழுகிறானே என்று அவள் கட்டையை ஒருநாளும் திருப்பி வைத்ததில்லை. ஒன்பது வயதில் அவள் காயை நான் வெட்டியபோது அது என் வெட்டுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

தாயத்தில் போவது மரக்காய், இங்கே போவது மூன்று மாதம் வளர்த்த பாத்திரம், இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல, பின்னதில் பொய்யின் விலை கூடுதல், அவ்வளவுதான். அன்று அந்தப் பெண், மற்றவர்கள் ஓடித் தப்பட்டும் என்று பாலத்தில் தனியே நின்றாள். சாகக்கூடும் என்று அறிந்தே நின்றாள். தட்டிக்குப் பின்னால் அவள் சாகவே முடியாதென்று முடிவாகியிருந்தால் அந்த நிற்றலுக்கு என்ன பொருள்?

அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வரும் ஞாயிறு தட்டியை எடுத்துவிட்டு உருட்டு என்று அண்ணன் மகனிடம் சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறான்.