ஹேக்மன் தம்பதி மரணம்: ஊகங்கள் எங்கே தடம் மாறின?

ஒரே வீடு. வேறு வேறு இடங்களில் இரண்டு உடல்கள். கூண்டுக்குள் இறந்துபோன ஒரு நாய். குளியலறையில் சிதறிய மாத்திரைகள்.

கதை கட்ட இதைவிட வேறென்ன வேணும்?

ஆஸ்கர் விருதை இருமுறை வென்ற நடிகர் ஜீன் ஹேக்மனும் (95 வயது), அவருடைய மனைவி பெட்சி அரகாவாவும் (65 வயது) அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரிலுள்ள வீட்டில் இறந்துகிடந்தது 2025 பிப்ரவரி 26ஆம் தேதி தெரியவந்தது. வீட்டைச் சோதனையிட அதிகாரிகள் தாக்கல்செய்த மனுவில் "சந்தேகத்துக்குரிய" என்ற சொல் இருந்தது. அவ்வளவுதான்! கொலையா, தற்கொலையா, நச்சுவாயுவா என்று இணையத்தில் ஆளுக்கொரு தீர்ப்பு.

முழுமையாக விசாரிக்கவேண்டிய மரணங்கள் என்பதே அந்தச் சொல்லின் பொருள். நம்மூரில் காவல்துறை "இயற்கைக்கு மாறான மரணம்" என்று வகைப்படுத்துவதுபோலத்தான். அதுவே கொலைன்னு ஆகிவிடாது.

நச்சுவாயு இல்லையா?

அந்தச் சந்தேகம் நியாயமானதே. குளிர்காலத்தில், மூடிய வீட்டில், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உயிரைப் பறிக்கும். ஆனால் பரிசோதனையில் இருவர் உடலிலும் அது இல்லை. சிதறிக்கிடந்தவை அரகாவாவின் தைராய்டு மாத்திரைகள். அவற்றுக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை.

பரவிய கதைகள் பலவிதம். ஆனால் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளம் ஒன்றுதான்: இருவரும் ஒரே நேரத்தில், ஒரே காரணத்தால் இறந்திருக்கவேண்டும். தவறு அங்கேதான்.

என்னதான் நடந்தது?

மார்ச் 7ஆம் தேதி மருத்துவ விசாரணை அதிகாரி முடிவுகளை வெளியிட்டார். முதலில் இறந்தவர் அரகாவா. காரணம் ஹன்டா கிருமி. எலியின் சிறுநீர், எச்சம் ஆகியவற்றிலிருந்து பரவும் அது நுரையீரலைத் தாக்கும். அரிதான நோய்தான், 1993 முதல் 2022 வரை அமெரிக்கா முழுவதும் பதிவானவை 864 சம்பவங்கள். ஆனால் நுரையீரல் பாதிப்பு வரை போனவர்களில் பத்தில் நால்வர் வரை பிழைப்பதில்லை.

ஹேக்மனுக்கு அந்தக் கிருமி தொற்றவில்லை. அவருடைய உயிரைப் பறித்தது இதயநோய். முற்றிய அல்ஸைமர்ஸ் நோயும் ஒரு காரணம். இதயமுடுக்கிக் கருவியில் கடைசிப் பதிவு பிப்ரவரி 18. மனைவி இறந்து ஏறக்குறைய ஒரு வாரம் அவர் அந்த வீட்டில் இருந்திருக்கிறார். மனைவி இறந்ததே அவருக்குப் புரியாமல் இருந்திருக்கலாம் என்றார் அதிகாரி. வயிற்றில் உணவு இல்லை.

நாய்? அண்மையில் சிகிச்சை முடிந்து வந்ததால் கூண்டில் இருந்திருக்கலாம். திறந்துவிட ஆளில்லை.

அதிகாரிகளின் முதல் கணிப்பும் பிறகு மாறியது. பிப்ரவரி 11ஆம் தேதி வாக்கில் அரகாவா இறந்திருக்கலாம் என்றார்கள். 12ஆம் தேதி அவர் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்த விவரம் பின்னர் வந்தது. தேதியைத் திருத்தினார்கள். ஆதாரம் வந்தால் திருத்துவது விசாரணை. ஊகம் செய்தவர்களில் எத்தனை பேர் பதிவை நீக்கினார்கள்?

கொலையாளியைத் தேடியவர்கள் அதிகம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. நினைவிழந்த முதியவரைத் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டவர் திடீரென்று இறந்தால், அது வெளியே யாருக்குத் தெரியும்? சாண்டா ஃபேயில் அது தெரியவர ஏறக்குறைய இரண்டு வாரமானது. கண்டுபிடித்தவர் பராமரிப்பு வேலைக்கு வந்த ஊழியர்.