கருவியைப் பிடிப்பவருக்கே பயிற்சி தேவை

தாமிரபரணிப் பாசனத்தில் கார் நெல் அறுவடை முடிந்ததும் பிசானத்திற்கு வயல் பண்படுத்தும் வேலை தொடங்கிவிடுகிறது. ஏர் பூட்டிய வயல்களில் இப்போது பவர் டில்லர் ஓடுகிறது. வரப்பிலும் வாழைத் தோட்டத்திலும் மண்வெட்டிக்குப் பதில் தோளில் மாட்டும் புல்வெட்டும் மெஷின் வந்துவிட்டது. ஆள் கிடைக்காத காலத்தில் இதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் மானியம் பெற்றுக் கருவி வாங்குகிறவர் ஒருவர். கூலிக்கு அதைப் பிடித்து ஓட்டுகிறவர் பெரும்பாலும் வேறொருவர். விற்பனையாளர் செய்முறை காட்டுவது வாங்குகிறவருக்குத்தான். காயம் படுவதோ ஓட்டுகிறவருக்கு.

பவர் டில்லரைப் பின்னோக்கி எடுக்கும்போதுதான் ஆபத்து அதிகம். கத்திகள் சுழன்றுகொண்டிருக்கையில் பின் கியர் போட்டால் அவை ஓட்டுபவரின் கால்களை நோக்கியே வரும். சேற்றில் புதைந்த காலைச் சட்டென்று எடுக்க முடியாது. பின்னால் வரப்போ தென்னைமரமோ இருந்துவிட்டால் ஆள் நடுவில் சிக்கிக்கொள்வார். முதலில் கத்திகளின் சுழற்சியை நிறுத்திவிட்டு, அதன் பிறகே பின் கியர் போடுவது கைப்பழக்கமாக வேண்டும்.

சாலையிலிருந்து வயலுக்கு இறங்கும் சரிவு இன்னொரு பொறி. சமதளத்தில் இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் அதே கிளச்சைப் பிடித்தால் வலப்பக்கம் திரும்பிவிடும். விசை துண்டிக்கப்பட்ட சக்கரம் தடையின்றி வேகமாக உருளுவதே காரணம். இதை அறியாதவர் வாய்க்காலைத் தவிர்க்கக் கிளச்சைப் பிடித்து, வாய்க்காலுக்குள்ளேயே வண்டியை இறக்கிவிடுவார். சரிவில் கிளச்சைத் தொடாமல், குறைந்த கியரில், கைப்பிடியைத் தள்ளித் திருப்புவதே சரி.

புல்வெட்டும் மெஷினின் பிளேடு நிமிடத்திற்குப் பல ஆயிரம் சுற்று சுழல்கிறது. அதில் பட்ட சரளைக்கல் எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 15 மீட்டருக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது. புல் அடைத்துக்கொள்கிறதென்று காப்புத் தகட்டைக் கழற்றி எறிவது, ஓட்டுபவரின் முழங்காலையும் கண்ணையும் பணயம் வைப்பதாகும். வாழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் கயிறு சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்தாமல் கையை விடக் கூடாது. மடித்துக் கட்டிய கைலியும் வெறுங்காலுமாக இவ்வேலையைச் செய்வோர் உண்டு. ஆயிரக்கணக்கில் செலவழித்து மெஷின் வாங்குகிறவருக்கு ஒரு காப்புக் கண்ணாடியும் பூட்ஸும் வாங்கிக் கொடுக்க மனம் வராதது விந்தைதான்.

பஞ்சாப், ஹரியானா பகுதிகளில் கோதுமைக் கதிரடிக்கும் இயந்திரங்கள் பல தொழிலாளர்களின் கைகளைப் பறித்த பிறகு, 1983-ல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. கதிரை உள்ளே தள்ளும் வாய் நீளமாகவும் மேலே மூடியோடும் இருக்க வேண்டும் என்பது இன்று தரக்கட்டுப்பாட்டு விதி. விரல் சக்கரத்தை எட்டாதிருக்கவே இந்த ஏற்பாடு. காயமுற்ற தொழிலாளிக்கு நஷ்டஈடு வழங்கவும் அச்சட்டம் வகை செய்தது. ஆனால் அது பெயர் சொல்லிக் குறிப்பிட்டது கதிரடிக்கும் இயந்திரத்தைத்தான். வயலில் இன்று பெருகிவரும் கருவிகளுக்கும் அதே அக்கறை தேவை.

மானிய விண்ணப்பத்திலேயே கருவியை ஓட்டப்போகிறவரின் பெயரையும் கேட்டு, அவருக்கு ஒரு நாள் வயல் பயிற்சி அளித்த பிறகே கருவியை ஒப்படைக்கலாம். அனுபவஸ்தருக்குப் பயிற்சி எதற்கு என்பார்கள். நாற்பது ஆண்டு மாடு பூட்டி உழுதவருக்கும் இறக்கத்தில் கிளச் எதிர்ப்பக்கம் திருப்பும் என்பது தானாகத் தெரிந்துவிடாது. வேளாண்மைப் பொறியியல் துறையினர் இப்பயிற்சியைப் பிசான உழவு தொடங்குமுன் நடத்திவிடலாம். அன்றைய கூலியை உடையவர் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கூலிக்காரர் வரமாட்டார்.